கரையோர ஆடுகளும் ஒரு கையெழுத்தும்

ஞாயிற்றுக்கிழமை காலை, அவித்த முட்டையின் தலையைக் கத்தியால் தட்டப் போன நேரம் பார்த்து, என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தான் ஹாரோ. தாள் என்றால் வெறும் தாள் இல்லை. மேலே தலைப்பு, கீழே தேதிக்கு ஒரு கோடு, ஊருக்கு ஒரு கோடு, கையொப்பத்துக்கு ஒரு கோடு, இரண்டு பிரதிகள். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றித் தயாராக வைத்திருந்தான். கடல் உள்ளே வராமல் தடுக்கிற மண்கரையைப் பராமரிக்கும் அலுவலகத்தில், பம்புகளுக்குப் படிவம் நிரப்பியே நாற்பது வருடம் ஓட்டியவன். பெண்டாட்டியிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாலும் அவனுக்குப் படிவம் வேண்டும்.

"ஒண்ணுமில்ல ஃபென்னா, சும்மா ஒரு கையெழுத்து. ரெண்டு இடத்துல," என்றான்.

சும்மா ஒரு கையெழுத்து என்று யார் சொன்னாலும் நான் உஷாராகிவிடுவேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'கீழே கையொப்பமிடும் ஃபென்னா டாமென் ஆகிய நான், 1997ஆம் ஆண்டு வரைந்த செம்மறி ஆடுகளின் படங்கள் அனைத்தையும் (ஆடுகள் ஒன்பது, ஆட்டுக்கு எட்டு நிலைகள், ஆக எழுபத்திரண்டு) யாரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும், நிபந்தனை ஏதுமின்றி, திரும்பப் பெற முடியாதபடி அனுமதிக்கிறேன்.'

"என் ஆடுங்களா?"

"ஆமா. நம்ம ஆடுங்க."

"இருபத்தேழு வருஷமா உன் ஆடுங்களா இருந்துச்சு. கையெழுத்து வேணும்னதும் நம்ம ஆடுங்களா ஆயிடுச்சா?"

அவன் பேனாவை இன்னும் ஒரு அங்குலம் என் பக்கம் நகர்த்தினான். நான் முட்டையின் தலையைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது.

விஷயம் இதுதான். கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் தானாக ஏதாவது ஓடுமே, ஸ்கிரீன்சேவர், அந்தக் காலத்தில் ஹாரோவுக்கு அதுதான் பைத்தியம். மற்ற ஆண்கள் பந்து உருட்டவும் மீன் பிடிக்கவும் போனபோது இவன் மாடி அறையில் உட்கார்ந்து நிரல் எழுதுவான். ஒன்பது ஸ்கிரீன்சேவர் செய்தான். கலங்கரை விளக்கம் ஒன்று, காற்றாலை ஒன்று, பெயரே வைக்காத ஏதோ வட்டங்கள் ஒன்று. எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தான். பதிலுக்கு ஒரே ஒரு கோரிக்கை: பிடித்திருந்தால் உங்கள் ஊரிலிருந்து ஒரு படஅட்டை அனுப்புங்கள். முதல் எட்டுக்கும் சேர்த்து நான்கு அட்டை வந்தது. அதில் ஒன்று அவனுடைய அண்ணன் அனுப்பியது. அண்ணன் வீடு எங்களுக்கு மூன்று தெரு தள்ளி.

ஒன்பதாவதுதான் 'கரையோர ஆடுகள்'. திரையின் அடியில் பச்சைக் கரை, அதற்குப் பின்னால் கடல், தண்ணீர் ஏறும், இறங்கும், கரைமேல் ஒன்பது ஆடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மேய்ந்துகொண்டே போகும். அவ்வளவுதான். ஆனால் ஆடு வரைய அவனுக்கு வரவில்லை. அவன் வரைந்தது நான்கு காலுள்ள தலையணை மாதிரி இருந்தது. அந்த ஜனவரியில் நான் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தேன். ஊரே உறைந்துபோன வாய்க்காலில் சறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஜன்னல்தான். சரி கொடு என்று வாங்கி, புள்ளி புள்ளியாக, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டத்தில், ஒவ்வோர் ஆட்டுக்கும் எட்டு நிலை வரைந்தேன். ஆறு வாரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த எனக்கே கண் போய்விடும் போல இருந்தது.

அந்த ஆடுகள் ஒரு கணினிப் பத்திரிகையின் குறுந்தகட்டில் போய் உட்கார்ந்தன. அப்புறம் பார்க்க வேண்டுமே! முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஒசாகாவிலிருந்து, நைரோபியிலிருந்து, போலந்தில் என்னால் உச்சரிக்க முடியாத ஓர் ஊரிலிருந்து. 'அன்புள்ள ஹாரோ, உங்கள் ஆடுகள் மிக அழகு.' 'அன்புள்ள திரு. டாமென், உங்கள் ஆடுகளைப் பார்க்காமல் என் மகள் தூங்குவதில்லை.' தபால்காரர் அட்டையைக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கும் உங்க வீட்டுக்காரரோட ஆட்டுக்குத்தான்" என்பார். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் 'ஆக்கம்: ஹாரோ டாமென்' என்று இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. அவன் வேண்டுமென்று விடவில்லை, அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். கேட்டு வாங்குவதற்கு எனக்கும் மனசு வரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் நாடு வாரியாக அடுக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தது மட்டும் நான்.

இந்த வசந்தத்தில் ஹாரோ மாடியைச் சுத்தம் செய்கிறேன் என்று போய், பழைய ஃபிளாப்பிகளோடு இறங்கி வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இன்றைய கணினியில் ஓடுகிற மாதிரி திருத்தி, மூல நிரலோடு, கட்டற்ற மென்பொருளாக இணையத்தில் ஏற்றிவிட்டான். யாரும் எடுக்கலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் மாற்றலாம். பத்து நாள் கழித்து உருகுவே நாட்டிலிருந்து வலேரியா என்ற பெண் எழுதினாள். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தின் தொகுப்பு ஒன்றில் அவள் தன்னார்வலர். கரையோர ஆடுகளைத் தொகுப்பில் சேர்க்க ஆசைப்படுகிறாள். அவள் ஊரிலும் ஆடுதான் அதிகமாம். ஹாரோ அந்தக் கடிதத்தை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினான். கடைசிப் பத்தியை மட்டும் மூன்று முறையும் விட்டுவிட்டான். 'நிரலில் ஓரிடத்தில் "ஆடுகள்: ஃபெ. வரைந்தது" என்று இருக்கிறது. ஃபெ. யார்? அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பதிப்பில் சேர்க்க இயலாது.'

அடுத்த பதிப்புக்கு இரண்டு வருடம் ஆகுமாம். ஹாரோவுக்கு அறுபத்தாறு வயது. ஒரு படிவத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்கக்கூடியவன்தான், ஆனால் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து அவன் பல் தேய்க்கும்போது பாட்டு முனகினான். அவன் முனகி நான் கேட்டதே இல்லை.

"நீ என்னைக் கேக்காமலேயே ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்ட. இப்ப எவளோ கேட்டதும் எங்கிட்ட வர," என்றேன்.

"இலவசம்தானே ஃபென்னா. யாரும் எதையும் சம்பாதிக்கல."

"இலவசமா குடுக்கறதா இருந்தாலும் என்னோடத நான்தான் குடுக்கணும்."

அவன் யோசித்தான். நியாயம் என்று படிவத்து ஆளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "பேரைச் சேத்துடறேன். எத்தனை பெரிய எழுத்துல வேணும்?"

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுத்தின் அளவைக் கேட்கிறான் மனுஷன்! "முதல்ல முழுசா படிக்கணும். படிக்காம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ," என்றேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டைத் துருக்கி மொழிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தவன் அவன். மறுக்க வழியில்லை. "என்னத்தைப் படிக்கப் போற?" "எல்லாத்தையும். என் ஆடு எந்த நிரலுக்குள்ள நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? அச்சடிச்சுக் குடு."

அப்போதுதான் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்குக் காரணம் திங்கட்கிழமை தெரிந்தது.

நிரல் எழுதுகிறவர்கள் இடையிடையே தங்களுக்கென்று குறிப்பு எழுதி வைப்பார்களாம். கணினி அதைப் படிக்காது, மனிதர்தான் படிப்பார்கள். இந்த வரி எதற்கு, இங்கே ஜாக்கிரதை என்று இரண்டு வார்த்தை. ஹாரோ இரண்டு வார்த்தையோடு நிற்கவில்லை. அந்த ஆறு வாரமும் வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் நிரலுக்குள் சொல்லி வைத்திருக்கிறான். தூசி தட்டிய உற்சாகத்தில் அதை மறந்து அப்படியே உலகத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறான். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டுப் படிக்கலாம். படித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை, பிழைகளைப் புகார் செய்யும் பக்கத்தில் ஒரு போலந்துக்காரர் எழுதியிருந்தார்: '412ஆம் வரி. மாமியார் போய்விட்டாரா? அதற்குப் பிறகு தகவல் எதுவும் இல்லை. கவலையாக இருக்கிறது.' அதற்குக் கீழே பதினான்கு பேர், எங்களுக்கும் தெரிய வேண்டும் என்று கை தூக்கியிருந்தார்கள்.

மாமியார் என்றால் என் அம்மா டோம்கே. எனக்குக் கால் உடைந்ததும் இரண்டு நாள் உதவிக்கு என்று ரயிலில் வந்து இறங்கியவள், நாற்பத்தொரு நாள் இருந்தாள்.

ஹாரோ பதறிப்போய்க் குறிப்புகளை எல்லாம் அழித்தான். அவன் கெட்ட நேரம், அந்த இணையக் களஞ்சியம் அழித்ததையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். என்ன மாற்றினாய் என்று காரணம் வேறு கேட்கும். இவன் பொய் சொல்லத் தெரியாதவன், 'மாமியார் பற்றிய 38 குறிப்புகள் நீக்கம்' என்று எழுதி வைத்தான். அதுவரை தேடிப் படித்தவர்களுக்கு, இப்போது எல்லாம் ஒரே பக்கத்தில், சிவப்பு நிறத்தில், வரிசையாகக் கிடைத்தது. மாலைக்குள் இருநூறு பேர்.

"இதுக்கு நீ மைக் வெச்சுச் சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தெரியாதுன்னு நினைச்சுக்கோ. வியாழக்கிழமை வரைக்கும்."

வியாழக்கிழமை மாலை அம்மா தேநீருக்கு வருவாள். அப்பா போனபிறகு எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடிவந்துவிட்டாள். எண்பத்தெட்டு வயது. தேவாலயத்தில் முதியோர் கணினி வகுப்பு நடக்கிறது, அதில் அம்மாதான் மற்றவர்களுக்குக் கடவுச்சொல் ஞாபகப்படுத்துகிறவள்.

புதன்கிழமை ஹாரோ வெளியே போயிருந்த நேரம், குறிப்புகளை அழிப்பதற்கு முன்பே அவன் அச்சடித்துக் கொடுத்திருந்த அறுபத்து மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். நிரல் எனக்குப் புரியாது. குறிப்புகள் நன்றாகப் புரிந்தன. 'மூன்றாம் நாள். அத்தை நாளைக்குக் கிளம்புகிறார். கடல் அலை முடிந்தது.' 'ஒன்பதாம் நாள். ஆடு நடக்கிறது. அத்தை உட்கார்ந்திருக்கிறார்.' 'பதினேழாம் நாள். அலமாரியில் உப்பு இருந்த இடத்தில் இப்போது சமையல் சோடா. அத்தை கொடுத்த முட்டையில் போட்டுத் தின்றேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வால் ஆட்டும் பகுதி சரியாக வேலை செய்கிறது, என் வயிறு செய்யவில்லை.' 'இருபத்திரண்டாம் நாள். பின்னால் நின்று பார்த்துவிட்டு, நம்ம ஊர்ல எங்கே இத்தனை நீலமா வானம் இருக்கு என்று கேட்டார். சாம்பல் ஆக்கினேன். அவர் சொன்னது சரியாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை.' 'முப்பத்தெட்டாம் நாள். முதல் பதிப்பு முடிந்து பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. ஆடுகள் கரையின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அத்தை இங்கேதான்.'

தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இருபத்தேழு வருடமாக இந்த ஆள் வேடிக்கையாகப் பேசத் தெரியாதவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்து நான்காம் பக்கத்தில் என்னைப் பற்றி இருந்தது.

'நடக்கும் பகுதி. ஏழாவது ஆட்டின் முன்கால் ஃபெ. தவறாக வரைந்திருக்கிறாள், நொண்டுகிறது.' எனக்குச் சுருக்கென்றது. தவறாமே! கண் போக வரைந்தவளுக்கு இது வேறா? மேலே படித்தேன். 'சொல்லலாம் என்று கீழே போனேன். மாவுக்கட்டுக் காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு, வாய்க்காலில் எல்லோரும் சறுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததுகூடத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். காலைத் திருத்தப் போவதில்லை. ஏழாவது பின்தங்கினால் மற்ற எட்டும் நிற்க வேண்டும், அது வந்து சேர்ந்த பிறகுதான் நடக்க வேண்டும். யாராவது கேட்டால்: தெரிந்த பிழை.'

அந்த ஆடுகள் நடுவழியில் நின்றுவிடும். நன்றாக மேய்ந்துகொண்டே போகும், திடீரென்று எட்டும் அசையாமல் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டையில் நாற்பது அட்டையாவது இதைக் கேட்டது. ஆடுகள் ஏன் நிற்கின்றன? ஹாரோ ஒவ்வொருவருக்கும் பொறுமையாக ஒரே பதிலை எழுதினான்: தெரிந்த பிழை, மன்னிக்கவும். நானும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நான் வரைஞ்சதுல குறை இல்ல, இவன் எழுதுனதுலதான் கோளாறு" என்பேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவான். கல்லுளிமங்கன். ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் என்ன முத்தா உதிர்ந்துவிடும்? எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எதற்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்தேன். தேவைக்கு மேல் ஒரு கிலோ உரித்துவிட்டேன்.

ஹாரோ வந்தான். தாள்களைப் பார்த்தான், கிழங்கைப் பார்த்தான்.

"படிச்சுட்டியா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றேன். உடனே விட்டுக்கொடுக்க எனக்கும் வரவில்லை.

வியாழக்கிழமை அம்மா நான்கு மணிக்கு வந்தாள். கைப்பையில் டேப்லட் இருந்தது. தேவாலயத்துக்குப் போடும் ஊதா ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். நான் கோப்பையில் கற்கண்டை வைத்து, தேநீரை ஊற்றி, கற்கண்டு வெடிக்கிற சத்தத்தை எல்லோரும் கேட்டபிறகு ஓரமாகப் பாலாடை விட்டேன். அம்மா குடித்தாள். கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தாள்.

முதல் கோப்பைக்கு!

மூன்று கோப்பை என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும், வைக்காத வரை ஊற்றிக்கொண்டே இருப்போம். மூன்றுக்கு முன்னால் கரண்டி வைப்பது, உன் வீட்டு வாசலை மிதித்ததே தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வது. அப்பாவோடு சண்டை போட்ட நாளில்கூட அம்மா இரண்டாவது கோப்பை வரை போயிருக்கிறாள். ஹாரோ கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா டேப்லட்டைத் திறந்தாள். "பதினேழாம் நாள்," என்று உரக்க வாசித்தாள். "சமையல் சோடா. ஏன்ப்பா, தின்னுட்டு நல்லாயிருக்குன்னுதானே சொன்ன?"

"நீங்க ஆசையாப் பண்ணிக் குடுத்தீங்க அத்தை..."

"இருபத்தேழு வருஷமா நீ வந்தா அதே மாதிரிதான் முட்டை பண்றேன். உனக்குப் பிடிக்கும்னு சோடாவைத் தேடிப் போடறேன்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கோவம் எனக்கு அதில்ல," என்று அவள் பக்கத்தைத் தள்ளினாள். "இருபத்திரண்டாம் நாள். வானம். நான் சொன்னது சரின்னு எழுதியிருக்க. சரிதானே?"

"சரிதான்."

"அப்ப எம் பேர் எங்க?"

ஹாரோ என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். குடும்பமே அவன்மேல் வழக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவன் எழுந்து கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, மாமியாரின் சாம்பல் நிறத்துக்கு அனுமதி தேவையா என்று உடனே வலேரியாவுக்கு எழுதினான். அங்கே அப்போது நண்பகல், பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. நிறத்துக்கு உரிமை கிடையாது, அனுமதி தேவையில்லை. அம்மாவின் முகம் தொங்கிப்போனது. அனுமதி தேவையில்லை என்பது அவள் காதில், நீ தேவையில்லை என்றுதான் விழுந்திருக்க வேண்டும். ஆனால் நன்றிப் பட்டியலில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாமாம். 'வானம்: டோம்கே' என்று ஹாரோ அடித்ததும், அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

"அந்தப் போலந்துக்காரனுக்கும் பதில் போடு. பாவம், கவலைப்படறான். நான் போயிட்டேனான்னுதானே கேட்டான்? எழுது. இன்னும் போகல."

ஹாரோ எழுதினான். கரண்டி இன்னும் கோப்பைக்குள்தான் இருந்தது.

வலேரியாவின் அந்தப் பதிலில் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. இந்த முறை நானே எட்டிப் படித்தேன். 'ஆடுகள் நடுவில் நின்றுவிடும் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு வரியை நீக்கினால் போதும். உங்களுக்குச் சம்மதமானால் நாளை அனுமதியோடு சேர்த்துச் சரிசெய்துவிடுகிறேன்.'

ஹாரோவின் காது சிவந்தது. "சரி பண்ணட்டும். நல்லதுதான்," என்றான். "ரொம்ப நாள் பிழை அது."

"அப்படியா?"

"ஆமா. தெரிஞ்ச பிழை."

நான் எழுந்து போய்த் தாள்களைக் கொண்டுவந்து, நாற்பத்து நான்காம் பக்கத்தை அவன் முன்னால் வைத்தேன். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்தேன். அவன் அதைப் படிக்கவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"அந்தக் கால் தப்புன்னு சொல்லணுமே. நீ அப்பவே அழற மாதிரி இருந்த."

"அப்புறம்? இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள் சிரிச்சிருப்பேனே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குள்ள நீ எல்லார்கிட்டயும் என் கோளாறுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்ட," என்றான். "சந்தோஷமா சொன்ன. அப்படியே விட்டுட்டேன்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் படிவத்தை எடுத்தேன். கையொப்பக் கோட்டுக்கு மேலே, 'ஆடுகள் நின்று காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கிடையாது' என்று எழுதப் போனேன். ஹாரோ சட்டென்று என் கையைப் பிடித்தான்.

"நிபந்தனை போட முடியாது ஃபென்னா. நிபந்தனை போட்டா அது கட்டற்ற மென்பொருளே இல்ல. குடுத்தா முழுசாக் குடுக்கணும். யார் வேணா எதை வேணா மாத்துவாங்க. காலைத் திருத்துவாங்க. நிக்கறதை எடுப்பாங்க. ஆட்டுக்குத் தொப்பிகூட போடுவாங்க."

"நாம ஒண்ணும் சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். குறிப்பு எழுதலாம். கேக்கறதும் கேக்காததும் அவங்க இஷ்டம்."

உலகத்தில் யாருக்கோ அந்த இரண்டு வரி தொல்லையாக இருக்கும், எடுத்துப் போடுவார்கள். நான் அதைப் பார்க்கக்கூட மாட்டேன். நேற்று மதியம்தான் கையில் கிடைத்தது, இன்று மாலை கைவிட வேண்டும். மனசு கேட்கவில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் எந்தப் பொய்யும் இல்லை. அந்த ஆள் செய்த எதிலும் கிடையாது, அந்த ஒரு 'தெரிந்த பிழை'யைத் தவிர. ஃபென்னா டாமென் என்று இரண்டு இடத்திலும் போட்டேன். 'சும்மா' கையெழுத்து இல்லை, அழுத்தித்தான் போட்டேன்.

"அந்த இடத்தைக் காட்டு. குறிப்பு நான் எழுதறேன்."

நீக்கியதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து, ஏழாவது ஆட்டின் இடத்தைக் காட்டி, கணினியை என் பக்கம் திருப்பினான். 'தெரிந்த பிழை' என்று அவன் முடித்த இடத்துக்குக் கீழே இரண்டு விரலால் அடித்தேன். 'பிழை அல்ல. அன்றைக்கு அவ்வளவுதான் நடக்க முடிந்தது. – ஃபெ.' அவன் படித்துவிட்டு, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சேமித்தான். பிறகு ஓட்டிக் காட்டு என்று நான் சொல்வதற்கு முன்பே ஓட்டினான்.

திரையில் எங்கள் ஊர் வானம் வந்தது. கரை வந்தது. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கி மேய்ந்துகொண்டே போயின. பாதி தூரத்தில் எட்டும் நின்றன.

"இதென்ன, நின்னு போச்சு? உடைஞ்சுடுச்சா?" என்றாள் அம்மா.

ஹாரோ வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"இரும்மா, வருது," என்றேன்.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே கரண்டியைக் கோப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கோப்பையை என் பக்கம் தள்ளினாள். நான் தேநீர்க் கெண்டியைத் தூக்கிவிட்டேன், ஆனால் ஊற்றவில்லை. இடது ஓரத்தில் ஏழாவது ஆட்டின் மூக்கு தெரிந்தது, அப்புறம் அந்தக் கால்.